பழைய துப்பாக்கிப் பவுடர் டப்பா: தோட்டாவில் போடலாமா, கொட்டலாமா?

11 மார்ச் 2023 (வாசகர் கேள்வி)

அண்ணே, ஒஹாயோவில் எங்க பக்கத்து வீட்டுப் பெரியவர் தவறிட்டார். மான் வேட்டைக்காரர், சுட்ட காலிக் கூட்டுல மறுபடி பவுடரும் புல்லட்டும் போட்டு வீட்டிலேயே தோட்டா தயாரிச்சுக்கிறவர் (இதுக்குப் பேர்தான் ரீலோடிங்). அவர் மனைவி பேஸ்மென்ட்டைக் காலி பண்றாங்க. நானும் ரீலோடிங் ஆரம்பிச்சிருக்கேன்னு தெரிஞ்சு ஒரு பெட்டியைக் கையில் கொடுத்துட்டாங்க. உள்ளே டூபான்ட் கம்பெனி லேபிளோட ஐ.எம்.ஆர் 4895ங்கிற ரைஃபிள் பவுடர் தகர டப்பா ஒண்ணு, பாதி இருக்கு. ஹெர்குலிஸ் கம்பெனியோட யூனிக்ங்கிற பவுடர் ஒண்ணு, அட்டை டப்பா, சீல் உடையலை. கருமருந்து ஒரு டப்பா. அப்புறம் ஜாம் பாட்டிலில் பேரே எழுதாம, சாம்பல் நிறத்துல குச்சி குச்சியா ஏதோ ஒரு பவுடர். எல்லாம் முப்பது நாற்பது வருஷத்துச் சரக்கு. என்கிட்ட .30-06 ரைஃபிள் ஒண்ணும் .38 ரிவால்வர் ஒண்ணும் இருக்கு. கடையில பவுண்டு ஐம்பது டாலர் சொல்றான். இதைப் போட்டு அடிச்சா துப்பாக்கி தாங்குமா?

11 மார்ச், இரவு

ஜாம் பாட்டிலை ஓரமா வை. மூடியைத் திறக்காதே, எடை போடாதே, "பார்த்தா 4895 மாதிரியே இருக்கு"ன்னு யார் சொன்னாலும் காதுல வாங்காதே. மத்த மூணையும் நாளைக்குப் பேசலாம்.

பெட்டி இப்ப எங்க இருக்கு? வாட்டர் ஹீட்டர் பக்கத்துல இருந்தா முதல்ல அதை நகர்த்து.

12 மார்ச்

வயசைக் கேக்கறே. வயசு இதுல மூணாவது கேள்விதான். முதல் கேள்வி, உள்ளே இருக்கிறது என்னன்னு உறுதியாத் தெரியுமா? ரெண்டாவது, இத்தனை வருஷமும் அது எந்தச் சூட்டுல கிடந்தது?

கருமருந்தைத் தனியாப் பிரிச்சுடறேன். வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10, அவ்வளவுதான் அதுல இருக்கு. ஈரம் படாத வரைக்கும் அதுக்கு மூப்பே கிடையாது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துப் பீரங்கிக் குண்டை வீட்டில் வச்சுச் சுத்தம் பண்ணிட்டிருந்த ஒரு சேகரிப்பாளர் 2008ல் வர்ஜீனியாவில் அது வெடிச்சு இறந்தார். 140 வருஷத்துக்கு மேல் ஆன மருந்து. அதனால "பழசாச்சு, செத்துப் போயிருக்கும்"னு கருமருந்து விஷயத்துல மட்டும் நினைக்காதே. இன்னொண்ணு: அது உன்னோட .30-06க்கும் .38க்கும் இல்லை, வாய்வழி மருந்து கிட்டிக்கிற பழைய மாதிரித் துப்பாக்கிக்கானது. வச்சிருக்கிறவனுக்குக் கொடு.

புகையில்லா மருந்து வேற ஜாதி. அதோட அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ், பஞ்சை நைட்ரிக் அமிலத்துல பதம் பண்ணி எடுக்கிறது. அது மட்டும் இருந்தா சிங்கிள் பேஸ், உன்னோட 4895 அந்த வகை. நைட்ரோகிளிசரினும் சேர்ந்தா டபுள் பேஸ், யூனிக் அந்த வகை. தயாரிச்ச நாள்ல இருந்தே நைட்ரோசெல்லுலோஸ் மெதுவாச் சிதைஞ்சுகிட்டுத்தான் இருக்கும். சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயு வரும், அது ஈரத்தோட சேர்ந்து அமிலமாகும், அந்த அமிலம் சிதைவை இன்னும் வேகப்படுத்தும். தன் வாலைத் தானே தின்ற கதை. இதைத் தடுக்கத்தான் டைபினைலமைன் மாதிரி ஒரு நிலைப்படுத்தியை ஏறக்குறைய ஒரு சதவீத அளவுல சேர்க்கறாங்க. வர்ற வாயுவை அது பிடிச்சு வச்சுக்கும். அது இருக்கிற வரைக்கும் பவுடர் நல்லா இருக்கும், தீர்ந்துபோச்சுன்னா இறக்கம்தான்.

எத்தனை வருஷத்துல தீரும்? சூட்டைப் பொறுத்தது. பத்து டிகிரி செல்சியஸ் ஏறினா சிதைவு ரெண்டு மூணு மடங்கு வேகமாகும். ஒஹாயோ பேஸ்மென்ட்டில் நாற்பது வருஷம் கிடந்ததும், நான் இருக்கிற டெக்சாஸில் தகரக் கூரை கராஜில் நாலு கோடை பார்த்ததும் ஒண்ணு இல்லை. உன் பக்கத்து வீட்டுப் பெரியவர் பேஸ்மென்ட்டில் வச்சதே உனக்குப் பாதி பதில்.

12 மார்ச், கொஞ்ச நேரம் கழிச்சு

"இதெல்லாம் பயமுறுத்தல், எங்க கிளப்ல 1940கள் மருந்தை இன்னும் சுடறாங்க"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். சரிதான், நானும் சுட்டிருக்கேன். இந்த ஊர்ல ரீலோடிங் வளர்ந்ததே உபரிச் சரக்குலதான். இரண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் கன்சாஸில் புரூஸ் ஹாட்ஜன்ங்கிறவர் அரசாங்கம் ஒதுக்கின 4895ஐ மொத்தமா வாங்கி, பவுண்டு கணக்குல வித்துத்தான் தொழிலை ஆரம்பிச்சார். அப்புறம் 20 மி.மீ. பீரங்கிக் குண்டுக்குன்னு பண்ணின 4831ங்கிற பவுடர். அதை வாங்கி அடுக்கினவங்க பேரன்கள் கையில இன்னும் சில டப்பா இருக்கு. நல்லாத்தான் எரியுது.

ஆனா அவங்க சொல்றது தப்பிச்ச டப்பாக்களோட கதை. கெட்டுப்போனதைக் கொட்டினவன் கிளப்ல வந்து அதைப் பத்திப் பெருமை பேசறதில்லை.

13 மார்ச்

கெட்டுப்போன பவுடருக்கு ராணுவமும் கப்பற்படையும் கொடுத்த விலையைச் சொல்லாம விட்டுட்டேன். பிரான்ஸ்ல 1884ல் வந்த 'பூத்ர் பி'ங்கிற மருந்துதான் உலகத்தோட முதல் உருப்படியான புகையில்லா மருந்து. அதையே கப்பல் பீரங்கிக்கும் அடுக்கினாங்க. 1907 மார்ச் 12 அன்னிக்கு தூலோன் துறைமுக உலர் துறையில் நின்ன இயேனா கப்பலோட மருந்தறை வெடிச்சு நூறு பேருக்கு மேல செத்தாங்க. 1911 செப்டம்பர் 25ல் அதே தூலோனில் லிபர்த்தே கப்பல், இருநூற்றைம்பது பேருக்கு மேல. யாரும் சுடலை, யாரும் தீ வைக்கலை. பழசாகி, தானே சூடேறின மருந்துதான் காரணம்னு முடிவுக்கு வந்தாங்க.

உடனே உன் அரை டப்பா தானே வெடிக்கும்னு கிளம்பாதே. டன் கணக்குல குவிஞ்சு கிடந்தா உள்ளே ஊறின சூடு வெளியே போக வழியில்லை, அதுதான் கப்பலைத் தூக்கினது. ஒரு பவுண்டு டப்பா சூட்டைக் கக்கிட்டே இருக்கும். பெரும்பாலும் துருவும் நாத்தமும்தான் மிஞ்சும். பெரும்பாலும்.

15 மார்ச்

முகர்ந்து பார்க்கிறதைப் பத்திப் பலர் கேட்டுட்டீங்க.

நல்ல பவுடர்ல ஈதர், ஆல்கஹால் கலந்த ஒரு வாசனை வரும், நெயில் பாலிஷ் கடைப் பக்கம் போன மாதிரி. கெட்டதுல காரமா, புளிப்பா, மூக்குத் தண்டுல ஏறி அடிக்கிற நெடி வரும். தெரிஞ்சவர் ஒருத்தர் வீட்டு ஏலத்துல வாங்கின டப்பாவை நான் பக்கத்துல இருக்கும்போது திறந்தார். முகர வேண்டிய அவசியமே இல்லை, மூடி கழண்டதும் ரெண்டு பேருக்கும் தொண்டை கமறிடுச்சு. மூடியோட அடிப்பக்கம் செம்பழுப்புத் தூள். பவுடர் கட்டி கட்டியா ஒட்டிக்கிட்டிருந்தது. அந்த டப்பாவுக்கு மேல்முறையீடே கிடையாது.

மூக்கை டப்பாவுக்குள்ள விடாதீங்க. திறந்து, தள்ளி வச்சு, கையால காத்தை இந்தப் பக்கம் வீசிப் பாருங்க. வர்றது நைட்ரஜன் ஆக்சைடு, நுரையீரலுக்கு ஆகாது.

15 மார்ச், இரவு

மேலே எழுதினதைத் திரும்பப் படிச்சேன். ஒரு விஷயத்தை இன்னும் அழுத்திச் சொல்லணும். முகர்ந்து பார்க்கிறது ஒருதலைச் சோதனை. நெடி அடிச்சா கெட்டது, முடிஞ்சது. நெடி அடிக்கலைன்னா நல்லதுன்னு அர்த்தம் இல்லை, "இன்னும் நெடி வரலை"ன்னு மட்டும்தான் அர்த்தம். நிலைப்படுத்தி எவ்வளவு மிச்சம்னு எந்த மூக்குக்கும் தெரியாது. அமெரிக்க ராணுவம் மாதிரியை 65.5 டிகிரி செல்சியஸ் அடுப்புல வச்சு, செம்புகை வர எத்தனை நாள் ஆகுதுன்னு பார்த்தது அதுக்காகத்தான். வீட்டு அடுப்புல யாரும் முயற்சி பண்ணிடாதீங்க, கேட்கிற ஆள் இருக்கீங்கன்னு தெரியும்.

கோவிட் வந்து மோப்பம் போனவங்க வீட்டில் வேற ஆளைக் கூப்பிடுங்க. சிரிக்கறதுக்குச் சொல்லலை. எங்க ரேஞ்சுல ஒருத்தருக்கு இன்னும் காப்பி வாசனையே வரலை, அவர்தான் பவுடரை முகர்ந்து தீர்ப்புச் சொல்லிட்டிருந்தார்.

16 மார்ச்

"பழசானா வீரியம் குறையும், அவ்வளவுதானே? ரெண்டு கிரெயின் (பவுடர் நிறுக்கிற சின்ன எடை) கூடப் போட்டா சரியாயிடும்"னு ஒரு பதில். இந்த இழையிலேயே ஆபத்தான வாக்கியம் இதுதான்.

குச்சி மருந்தோட மேல்பூச்சுல வேகத்தைக் கட்டுப்படுத்தற ஒரு ரசாயனம் இருக்கும். பத்தவச்ச உடனே எல்லாம் ஒரே மூச்சுல எரிஞ்சு அழுத்தம் எகிறாம இருக்கத்தான் அது. வருஷக்கணக்குல சூட்டுல கிடந்தா அந்தப் பூச்சு உள்ளே ஊறிப்போயிடும், மேற்பரப்பு சீக்கிரம் எரியும். மூடி சரியில்லாம ஈரப்பதம் வறண்டுபோனாலும் வேகம் கூடும். அதனால பழசு தளர்ந்தும் போகலாம், முறுக்கேறியும் வரலாம், ஒரே டப்பாவில் ரெண்டும் மாறி மாறியும் வரலாம். முதல் தோட்டா புஸ்ஸுனு போச்சேன்னு ரெண்டாவதுல அளவைக் கூட்டினவன்தான், அழுத்தத்துல இறுகிப்போன ரைஃபிள் போல்ட்டை (தோட்டா அறையை மூடுற தண்டு) சுத்தியலால தட்டித் திறக்கிறவன்.

19 மார்ச்

ஜாம் பாட்டிலுக்கு வருவோம், "ஒரு துளி எரிச்சுப் பார்த்தா தெரியாதா"ன்னு நச்சரிப்பு தாங்கலை.

தெரியாது. குச்சி வடிவ மருந்துல கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கிறது டஜன் கணக்குல இருக்கு. பேர் எழுதி இருக்கிறதுலயே குழப்பம் போதும். ஹாட்ஜன் வித்த 4831 உபரிச் சரக்கு. 1970களில் டூபான்ட் தானும் 4831ன்னு ஒண்ணைக் கொண்டு வந்துச்சு, அது அதைவிட வேகமா எரியும். ஹாட்ஜன் 4831க்குப் புத்தகத்துல இருக்கிற அளவை டூபான்ட் டப்பாவுக்குப் போட்டா அழுத்தம் எங்கேயோ போயிடும். 4895லயும் எச் (ஹாட்ஜன்) ஒண்ணு, ஐ.எம்.ஆர் (டூபான்ட்) ஒண்ணு, ரெண்டும் ஒண்ணு இல்லை. நம்பர் ஒண்ணா இருந்தே இந்த நிலைமைன்னா நம்பரே இல்லாததை என்னன்னு சொல்றது?

இன்னொரு சந்தேகம் எனக்கு எப்பவும் வரும். ஜாம் பாட்டிலுக்கு ஒருத்தர் ஏன் மாத்தினார்? பெரும்பாலும் ரெண்டு மூணு டப்பா அடிமிச்சத்தை ஒண்ணா ஊத்தியிருப்பார். அப்ப அதுக்குப் பேரே இருக்க முடியாது. கண்ணாடி வழியா வெளிச்சம் வேற பட்டிருக்கும்.

20 மார்ச்

எங்கே வைக்கறதுன்னும் கேட்டாங்க. கம்பெனி கொடுத்த டப்பாவிலேயே, குளிர்ச்சியா, உலர்ந்த இடத்துல. டப்பா ஏன் இவ்வளவு மெலிசா இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? தீப்பிடிச்சா லேசான அழுத்தத்திலேயே பிளந்து எரிஞ்சு அடங்கணும்னு அப்படிப் பண்றாங்க. அதைக் கொண்டுபோய் இரும்பு கன் சேஃப்ல பூட்டினா நீங்களே ஒரு குண்டு தயாரிச்ச மாதிரி. அமெரிக்கத் தீத்தடுப்பு விதிப்படி வீட்டில் இருபது பவுண்டு வரைக்கும் அசல் டப்பாவில் வச்சுக்கலாம், அதுக்கு மேல ஐம்பது வரைக்கும்னா ஒரு அங்குலக் கனத்துக்குக் குறையாத மரப்பெட்டி வேணும். மரம்! இரும்பு இல்லை. ஊர்ச் சட்டம் இதைவிட இறுக்கமா இருக்கலாம், விசாரிச்சுக்குங்க.

2 ஏப்ரல்

பேச்சு திசை மாறுது, ஆனா நம்ம ஆளுங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

எச்-1பி மாதிரி விசாவில் இருக்கிறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்க அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாத் தடை போடுது. செல்லுபடியாகிற மாநில வேட்டை லைசென்ஸ் இருந்தா விலக்கு உண்டு. இதுவரைக்கும் பலருக்குத் தெரியும். தெரியாதது என்னன்னா, அந்தச் சட்டத்துல தோட்டாங்கிற வரையறைக்குள்ளயே காலிக் கூடும், பிரைமரும் (பவுடரைப் பத்தவைக்கிற சின்ன மூடி), புல்லட்டும், துப்பாக்கிப் பவுடரும் வருது. பக்கத்து வீட்டு அம்மா அன்பா நீட்டின பவுடர் டப்பாவை வாங்கினாலே நீங்க தோட்டா வச்சிருக்கிற ஆள்தான். கேள்வி கேட்ட தம்பிக்கு கிரீன் கார்டு இருக்காம், பிரச்சினை இல்லை. மத்தவங்க வக்கீலைக் கேளுங்க, என்னைக் கேக்காதீங்க.

ஊருக்குப் போற பெட்டியில "மாமாவுக்கு ஒரு டப்பா" யோசனையும் வேண்டாம். விமானத்துல கையிலயும் கூடாது, செக்-இன்லயும் கூடாது.

3 ஏப்ரல்

தன் தாத்தா அருவங்காட்டில் வேலை பார்த்தவர்னு ஒரு வாசகர் எழுதியிருந்தார். நீலகிரி கார்டைட் ஆலை, போன நூற்றாண்டு ஆரம்பத்துல வந்தது, காட்டேரி அருவியிலிருந்து மின்சாரம் எடுத்தாங்க. கார்டைட்ங்கிறது பிரிட்டிஷ்காரங்களோட புகையில்லா மருந்து, அதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. முதல் கலவையில் நைட்ரோகிளிசரின் 58, வெடிபஞ்சு 37, வாசலின் 5. வாசலினைச் சேர்த்தது பீரங்கிக் குழாய் தேய்மானத்தைக் குறைக்கத்தான். அதுல அது பெருசா உதவலை, ஆனா மருந்து கெடாம பார்த்துக்கிற வேலையைச் சத்தமில்லாமச் செஞ்சுட்டு இருந்தது. நிலைப்படுத்தின்னு தெரியாமலே நிலைப்படுத்தி.

16 ஏப்ரல்

தம்பி டப்பாக்களைத் திறந்துட்டாராம். யூனிக்: சீல் உடைச்சதும் ஈதர் வாசனை, பவுடர் உதிரி உதிரியா, தூசி இல்லை. 4895: நெடி பெருசா இல்லை, ஆனா மூடி உள்பக்கம் பழுப்புத் தூள், தோளோரம் பவுடர் கொஞ்சம் செங்கல் நிறம். "தகரம் துருப்பிடிச்சதா இருக்காதா அண்ணே?"

இருக்கலாம். ஆனா தகரம் உள்பக்கமா எதுக்குத் துருப்பிடிக்குது? ஒண்ணு ஈரம் போயிருக்கணும், இல்லை அமிலம் வந்திருக்கணும். ரெண்டுமே உன் .30-06 அறைக்குள்ள போக வேண்டிய சங்கதி இல்லை. மேலாப்புல இருக்கிறதை எடுத்துட்டு அடியில இருக்கிறதைப் பயன்படுத்தலாமான்னு அடுத்து கேப்பே. கேக்காதே.

16 ஏப்ரல்

கேட்டுட்டான்.

23 ஏப்ரல்

கொட்டறது எப்படி. குப்பைத் தொட்டியில் போடாதே, சாக்கடையில் ஊத்தாதே. முதல்ல உங்க ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு போன் போடு, பல இடத்துல வாங்கிக்குவாங்க, இல்லைன்னா என்ன செய்யணும்னு சொல்வாங்க. துப்பாக்கி, தோட்டா தயாரிப்பாளர் சங்கம் சொல்ற வழி, ஆளில்லாத திறந்தவெளியில் ஒரு அங்குலத்துக்கு மேல் ஆழமில்லாம மெலிசாப் பரப்பி, ஒரு தடவைக்கு ஒரு பவுண்டுக்கு மேல் போகாம, தூரத்துல இருந்து மெதுவாத் தீ வந்து சேர்ற மாதிரி எரிக்கிறது. டப்பாவோட எரிக்கக் கூடாது. வறண்ட புல்வெளியில் பண்ணிட்டு அதே தீயணைப்பு வண்டியை வரவழைச்சவங்களும் உண்டு.

புல்தரையில் தூவி விடறவங்க நிறைய. நைட்ரஜன் இருக்கு, மெதுவா மக்கும். நான் கொஞ்சமா மிஞ்சினதை அப்படித்தான் பண்றேன், நாயும் குழந்தையும் இல்லாத மூலையில.

9 ஜூலை

வெயில் உச்சத்துல இருக்கு. கராஜ் தெர்மாமீட்டரைப் பார்த்ததும் இந்த இழை ஞாபகம் வந்துச்சு.

இந்தக் காலத்துல எவனுக்கும் இப்படி ஆகாதுன்னு நினைக்கிறவங்களுக்கு, லூசியானாவில் இருக்கிற கேம்ப் மின்டன்ங்கிற ராணுவ வளாகம்தான் பதில். ராணுவத்தோட பழைய பீரங்கி மருந்து, எம்6னு பேரு, ஒன்றரைக் கோடி பவுண்டு அளவுக்கு அங்கே ஒப்பந்தக்காரர் கையில் குவிஞ்சு கிடந்தது. பாதுகாப்பா அடுக்காம, திறந்த வெளியில கூட. 2012 அக்டோபர்ல ஒரு மருந்தறை வெடிச்சப்பதான் அவ்வளவு இருக்குன்னு வெளியே தெரிஞ்சது, பக்கத்து ஊரையே காலி பண்ண வேண்டியதாச்சு. அப்புறம் வருஷக்கணக்குல சண்டை போட்டு, மூடிய உலையில் எரிச்சுத் தீர்த்தாங்க. அவசரத்துக்குக் காரணம் நிலைப்படுத்தி தீர்ந்துட்டு வர்றதுதான், நம்ம ஜாம் பாட்டில் கதையோட ராட்சச வடிவம்.

பழைய மருந்தால நல்லதும் நடந்திருக்கு. முதல் உலகப் போர்ல மிஞ்சின, கெட ஆரம்பிச்ச பீரங்கி மருந்தை எப்படி மீட்கறதுன்னு ஃப்ரெட் ஓல்சன்ங்கிற வேதியியலாளர் ஆராய்ஞ்சதுல இருந்து 1933ல் வந்ததுதான் 'பால்' (ball) பவுடர், அதாவது உருண்டை வடிவ மருந்து. இன்னிக்கு நீங்க சுடறதுல பாதி அந்த உருண்டைதான்.

10 ஜூலை

பாதின்னு சொன்னது பேச்சுக்கு. எண்ணிப் பார்த்துச் சொன்னதில்லை. ஓட்டை கண்டுபிடிச்ச நண்பருக்கு வணக்கம்.

5 நவம்பர்

வேட்டை சீசன், தம்பி மறுபடி வந்தார். பெரியவர் ஏற்கெனவே போட்டு வச்ச .30-06 தோட்டா ஒரு பெட்டி அந்த அம்மா கண்டுபிடிச்சுக் கொடுத்தாங்களாம்.

டப்பாவைவிட இது மோசமான பந்தயம். எந்த மருந்து, எவ்வளவு, எந்த ரைஃபிளுக்குன்னு போட்டார், எதுவும் தெரியாது. கெட்ட பவுடர் உள்ளேயே கிடந்தா பித்தளையை அரிக்கும், கழுத்துல விரிசல் விடும், புல்லட்டோட அடியில பச்சை படியும். புல்லட்டை உருவி, புல்லட்டையும் நல்ல கூட்டையும் வச்சுக்கோ, மருந்தைத் தூவிடு. அவர் ரொம்பக் கச்சிதமான ஆள், பெட்டியில எல்லாம் எழுதி வச்சிருக்கார்னு சொல்றே. நம்பறேன். அவர் ரைஃபிளுக்கு அது கச்சிதம்.

யூனிக் விஷயத்துல என் கருத்து அப்படியேதான். சீல் இருந்தது, பேஸ்மென்ட்டில் இருந்தது, வாசனை சரி, நிறம் சரி. நானா இருந்தா .38ல போடுவேன். புத்தகத்துல ஆரம்ப அளவுல இருந்து தொடங்குவேன். பழைய ஹெர்குலிஸ் புத்தகமும் ஹெர்குலிஸுக்கு அப்புறம் யூனிக் போடற அலையன்ட் கம்பெனியோட அளவும் ரெண்டையும் பக்கத்துல வச்சு, குறைச்சலா இருக்கிறதை எடுப்பேன். .38க்குப் போடற யூனிக் அளவு கொஞ்சம்தான், ரெட்டை அளவு விழுந்தாக்கூட .38 கூட்டுக்குள்ள கவனிக்காம அடங்கிடும், அதனால ஒவ்வொரு கூட்டையும் விளக்கு வெளிச்சத்துல எட்டிப் பார்ப்பேன். வேலை முடிஞ்சதும் பவுடர் அளக்கிற கருவியோட மேல்குடுவையைக் காலி பண்ணிடு, டபுள் பேஸ் ராத்திரி முழுக்கக் கிடந்தா பிளாஸ்டிக்கை அரிச்சுப் பழுப்பாக்கிடும். எனக்கு ரைஃபிளுக்குப் பழசு வேண்டாம், அதுல அழுத்தம் பல மடங்கு.

12 நவம்பர்

ஐம்பது டாலர் கொடுத்துப் புது 4895 வாங்கிட்டாராம். கூடவே ஒரு கேள்வி: காலியான டூபான்ட் தகர டப்பாவை என்ன செய்யறது?

வித்துடு. பழைய பவுடர் டப்பா சேர்க்கிறவங்க இருக்காங்க, லேபிள் நல்லா இருந்தா காசு கொடுப்பாங்க. உள்ளே மட்டும் கழுவு, வெளிக் காகிதத்துல தண்ணி பட்டா பாதி விலை போயிடும். "காலி"ன்னு பெருசா எழுதி உள்ளே ஒரு சீட்டுப் போட்டு அனுப்பு.

அட்டை யூனிக் டப்பாவை எனக்கு வச்சிரு. தபால் செலவு நான் தர்றேன்.